அத்தாவின் அம்பாசிடர்



உங்கள் வீட்டுக் கொல்லையிலோ மாடிப்படிக்குக் கீழோ, பெற்றவர் விட்டுச் சென்ற பொருள் ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறதா? ஓடாத சுவர்க்கடிகாரமோ, துருப்பிடித்த தையல் எந்திரமோ, சக்கரம் கழன்ற சைக்கிளோ எதுவாகவும் இருக்கலாம். எடைக்குப் போட மனம் வருவதில்லை. எடுத்துச் செப்பனிட நேரம் வாய்ப்பதில்லை. ஆண்டுகள் மட்டும் உருண்டோடுகின்றன. அவ்வாறு முப்பத்தோர் ஆண்டுகள் கிடந்த ஒரு மோட்டார் வண்டியைப் பற்றியும், அதனுள் எஞ்சின் மீண்டும் இறக்கப்பட்ட நாளைப் பற்றியும் இம்மாதம் உங்களோடு பேச விழைகின்றேன்.

"மதரஸாவில் பாடம் நடத்துகிறவருக்கு மோட்டார் பட்டறையில் என்ன வேலை?" என நீங்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே! என்னுடன் கல்லூரியில் வரலாறு பயின்ற தோழர் ஒருவர் இருபது ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு 2022-இல் ஊர் திரும்பினார். அவருடைய அத்தா தஞ்சைத் தரணியில் நெல் மண்டி நடத்தியவர். 1972-இல் அம்பாசிடர் மார்க் 2 ஒன்றைப் புதிதாக வாங்கினார். 1992-இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வண்டி கொட்டகையில் நின்றது. 1996-இல் அவர் மறைந்தார்; வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. தோழர் அதனைக் கையிலெடுத்தது 2023-இல். விடுமுறை நாட்களில் அவருக்குத் துணையாகப் பட்டறையில் நின்றவன் என்ற முறையில், கண்ணால் கண்டதையே எழுதுகின்றேன்.

முதலில் உரிமை

தோழர் முதலில் தேடியது மெக்கானிக்கை அன்று, உடன்பிறந்தோரை. வண்டி இன்னும் அத்தாவின் பெயரில்தான் இருந்தது. அப்படியானால் அது ஒருவருடைய பொருளன்று; அம்மாவுக்கும், மூன்று ஆண்மக்களுக்கும், ஒரு மகளுக்கும் உரிய பொருள். "துருப்பிடித்த தகரத்துக்கு என்ன பங்கு?" என்று அண்ணன்மார் சிரித்தனர். தோழர் சிரிக்கவில்லை. பழைய வண்டி வாங்குவோர் இருவரை அழைத்து விலை மதிப்பிடச் செய்தார். இரண்டில் கூடுதலான தொகையை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு எட்டில் ஒன்றும், எஞ்சியதில் ஆண்மக்களுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு வீதமும் கணக்கிட்டு, தம் பங்கு நீங்கலாக மற்றவர்களுக்குக் கையில் கொடுத்தார். வண்டியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள அனைவரிடமும் இசைவுக் கடிதம் பெற்றார். தங்கைக்குச் சேர்ந்த தொகை பெரிதன்று. ஆயினும், "எனக்கும் அத்தாவோட வண்டியில பங்கு இருக்குன்னு இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தர் நினைச்சாங்களே" என்று அந்தச் சகோதரி கண் கலங்கியதை நான் கண்டேன்.

இவ்வண்டியின் வரலாறு

அம்பாசிடரின் கதையை இளைய தலைமுறைக்குச் சற்றே சொல்ல வேண்டும். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து தயாரித்த வண்டி அது. அமைச்சர் முதல் வாடகைக் கார் ஓட்டுநர் வரை அதில்தான் சென்றனர். பணம் கட்டிவிட்டு நெடுநாள் காத்திருந்தே புது வண்டி பெற முடிந்த காலம் அது. 2014 மே மாதத்தில் உத்தர்பாராத் தொழிற்சாலை நின்றது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரைப் பிரான்சு நாட்டின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

அதன் அமைப்பில் ஒன்றைக் கவனியுங்கள். லாரிக்கு இருப்பது போல் தனியான இரும்புச் சட்டம் அதற்கு இல்லை. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே தரைத் தகட்டிலும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டிலும் துரு ஏறினால் அது அழகுக் குறை மாத்திரமன்று; வண்டியின் முதுகெலும்பே நோயுற்றதாகும். சிலர் அத்துருவின் மேல் பட்டி பூசி, வண்ணம் அடித்துப் பளபளக்கச் செய்துவிடுகின்றனர். பார்ப்போர் மெச்சுவர். முதல் பெரிய பள்ளத்தில் உண்மை வெளிப்படும்!

எங்கள் மேஸ்திரி அறுபதைக் கடந்தவர். வண்ணத்தைப் பற்றி ஆறு மாதம் பேசவே கூடாதெனத் தடை விதித்தார். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொன்னார். கழற்றிய போல்ட்டுகளைப் பழைய பால்மாவு டப்பாக்களில் இட்டு, எவ்விடத்தைச் சேர்ந்தவை என்று எழுதி ஒட்டச் செய்தார். டிங்கர் வேலை செய்பவர் துருவேறிய தகட்டை நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டி நீக்கி, புதுத் தகட்டை வெல்டிங் வைத்தார். எலி கடித்த ஒயர்கள் அனைத்தும் மாற்றப்பட்டன. பிரேக் சிலிண்டர்கள், பெட்ரோல் டாங்கி, ரப்பர் குழாய்கள் ஒன்றொன்றாகப் புதுப்பிக்கப்பட்டன. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால், அதனைத் தாங்கும் குழாய்களையே பார்த்து வாங்க நேர்ந்தது. பழைய வகை ரப்பரை எத்தனால் நாளடைவில் கெடுத்துவிடும்.

பொருந்தாத எண்

பிறகு எஞ்சினின் முறை வந்தது. அது இறுகிப் போயிருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே எண்ணெய் ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டுக் கையால் திருப்பிப் பார்த்தார் மேஸ்திரி. அசையவில்லை. "சரி, இறக்கிப் பிரிச்சிடுவோம் பாய். அதுக்கு முன்னால ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டாங்க, நம்பரைப் பார்ப்போம்" என்றார்.

பழுப்பேறிய அப்புத்தகத்தை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார் தோழர். சேஸிஸ் எண் பொருந்தியது. எஞ்சின் எண் பொருந்தவில்லை! மும்முறை துடைத்துப் பார்த்தோம், பொருந்தவே இல்லை. அத்தாவின் வண்டியில் இருந்தது வேறொரு வண்டியின் எஞ்சின்.

தோழரின் முகம் வாடிவிட்டது. ஊரில் அவருடைய அத்தா கணக்கு சுத்தத்திற்குப் பெயர் பெற்றவர். நெல் எடையில் ஒரு கைப்பிடி குறைந்தாலும் ஆளனுப்பிக் கொடுத்தவர். அவருடைய வண்டியிலா இப்படி?

மேஸ்திரி மூன்று வழிகளைச் சொன்னார். முதலாவது, இருக்கும் எஞ்சினைச் சரி செய்து, அதிலுள்ள எண்ணை அராவி அழித்துவிட்டு, புத்தகத்தில் உள்ள எண்ணைப் பதிப்பது. "அரை மணி நேர வேலை, ஆளும் இருக்காங்க. ஆனா நான் செய்ய மாட்டேன், என் பட்டறையிலயும் நடக்காது" என்றார். இரண்டாவது, நவீன டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டுவது. எரிபொருள் செலவை எண்ணிப் பெட்ரோல் அம்பாசிடர்களுக்கு டீசல் எஞ்சின் மாட்டியவர்கள் ஒரு காலத்தில் பலர். ஆயினும் வேறு வகை எஞ்சினுக்கு முன்அனுமதி வேண்டும். அதன் பின் அது அத்தாவின் வண்டியாகவும் இராது. மூன்றாவது, நடந்தது என்னவென்று விசாரித்து, உள்ளதை உள்ளபடி அலுவலகத்தில் சொல்வது.

வாசகர்களே, முதல் வழியைக் கேட்ட மாத்திரத்தில் தோழர் ஒதுக்கித் தள்ளினார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அன்றிரவு அவர் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். "ஹஜ்ரத், அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு. நெஞ்சு பலவீனம். கண்ணும் மங்கிக்கிட்டு வருது. 'அந்த வண்டியில ஒரு தடவை மண்டி வரைக்கும் போய்ட்டு வரணும்'னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. நேர்வழியில போனா இன்னும் ஒரு வருஷம் ஆகும்போல. அதுவரைக்கும்…" என்று நிறுத்திக்கொண்டார். நான் அவருக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. "அம்மாவிடமே கேளுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

கிட்டங்கியில் கிடந்த சாக்கு மூட்டை

அம்மா தயங்கவில்லை, நேற்று நடந்தது போல் சொன்னார்கள். "அது நம்ம எஞ்சின் இல்லப்பா. தொண்ணூத்தி ஒண்ணுல கும்பகோணம் போய்ட்டு வரும்போது ஆயில் இல்லாம ஓடி எஞ்சின் போச்சு. அறுப்பு நேரம். வண்டி இல்லாம மண்டி நடக்காதுன்னு, அடிபட்டுக் கிடந்த ஒரு வண்டியோட எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுனாங்க. 'இது கொஞ்ச நாளைக்குத்தான், அறுப்பு முடியட்டும், நம்மளதைச் சரி பண்ணி மாட்டிடுவோம்'னு சொன்னாங்க. அதுக்குள்ள படுத்துட்டாங்க. நம்ம எஞ்சின் மண்டிக் கிட்டங்கியிலதான் கிடக்குது. யாரும் கேட்கல, நானும் சொல்லல."

எண்ணைப் பதிக்கும் யோசனையையும் தோழர் மறைக்காமல் சொன்னார். அதற்கு அம்மா கேட்ட கேள்வி ஒன்றே: "நம்பரைத் திருத்துறதா இருந்தா உங்க அத்தா அன்னைக்கே திருத்தியிருக்க மாட்டாங்களா? ஏன் அந்த இரும்பைச் சாக்குல கட்டி வச்சாங்க?"

மறுநாள் கிட்டங்கியின் மூலையில், கிழிந்த சாக்குகளின் அடியில் அதனைக் கண்டோம். தடிப்பாகக் கிரீஸ் பூசி, தார்ப்பாயில் சுற்றி, கயிற்றால் கட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தபோது, புத்தகத்தில் இருந்த எண் இரும்பில் தெளிவாகத் தெரிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தா செய்ததிலும் குறையுண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, எஞ்சினை மாற்றிய உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் அறிவித்து, புத்தகத்தில் எழுதச் செய்ய வேண்டும். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்று அவர் தள்ளிப்போட்டார். அந்தக் கொஞ்ச நாள் முப்பது ஆண்டுகளாயிற்று! நாம் ஒவ்வொருவரும் எத்தனை "கொஞ்ச நாட்களை" இவ்வாறு சேர்த்து வைத்திருக்கிறோம்!

இரண்டிலிருந்து ஒன்று

இனி எஞ்சினின் கதை. அது நான்கு சிலிண்டர்களும் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. சிலிண்டரின் உள்விட்டம் சுமார் 73 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். கிராங்க் ஷாப்டை மூன்று பேரிங்குகளே தாங்குகின்றன. அந்தப் பேரிங்குகளுக்கும் கிராங்கிற்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும். எண்ணெய் வற்றினால் இரும்போடு இரும்பு உராய்ந்து அரித்துவிடும். 1991-இல் நேர்ந்தது அதுவே.

லேத் பட்டறையில் அளந்தனர். பிளாக்கில் விரிசல் இல்லை. ஆனால் கிராங்க் ஷாப்ட் சாணை பிடித்தும் தேறாத அளவுக்குக் கீறிப் போயிருந்தது. புதிது கிடைப்பது அரிது. அப்போது மேஸ்திரி சிரித்தார். "அந்த இன்னொரு எஞ்சின் எதுக்கு இருக்கு பாய்?" இரவல் போல் வந்து நின்ற எஞ்சினில் பிஸ்டன்கள்தாம் துருவில் இறுகியிருந்தன; கிராங்க் நலமாக இருந்தது. இரண்டும் ஒரே வகையாதலால் அதன் கிராங்கை மெருகிட்டு, நம் பிளாக்கினுள் புதுப் பேரிங்குகளோடு பொருத்தினர். தேய்ந்த சிலிண்டர்களை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களையும் ரிங்குகளையும் போட்டனர்.

சிலிண்டர் ஹெட்டிலும் ஒரு வேலை இருந்தது. முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு மோதும் இடம் தேயாமல் அந்த ஈயம் காத்து வந்தது. மனிதரின், குறிப்பாகக் குழந்தைகளின், மூளைக்கும் நரம்புக்கும் அது நஞ்சு என்பதால், 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. ஆகவே பழைய ஹெட்டில் கடினமான உலோக வளையங்களைப் பதித்து, வால்வுகள் உட்காரும் இடத்தை வலுப்படுத்தினர். இவையெல்லாம் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆயின. அம்மா ஒவ்வொரு வெள்ளியன்றும், "எஞ்சின் வந்துடுச்சா?" என்று கேட்பார்கள்.

எஞ்சின் இறங்கிய நாள்

2024 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கொட்டகையின் உத்தரத்தை நம்பாமல், மேஸ்திரி மூன்று கனத்த இரும்புக் குழாய்களால் முக்காலி கட்டி, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார். எஞ்சினுடன் கியர்பாக்சும் முன்பே இணைக்கப்பட்டிருந்தது. அவ்விணைப்பின்போது கிளட்ச் தட்டு நடுமையத்தில் இருந்தாக வேண்டும்; மயிரிழை விலகினாலும் கியர்பாக்சின் தண்டு உள்ளே நுழையாது. அதற்கென அவர் பழைய கியர்பாக்ஸ் தண்டு ஒன்றை வைத்திருந்தார். அதைச் செருகி மையம் பார்த்த பிறகே போல்ட்டுகளை முடுக்கினார்.

முன்புறம் உயர்ந்தும் பின்புறம் தாழ்ந்தும் இருக்குமாறு சங்கிலியில் சரித்துக் கட்டி, அங்குலம் அங்குலமாக இறக்கினர். நான்கு பேர் நான்கு பக்கமும் நின்றோம். புது வண்ணத்தில் கீறல் விழாமல் பழைய ஜமுக்காளத்தை விரித்துப் பிடித்திருந்தேன் நான்; அன்று அதுவே எனது பணி. "தம்பி, கையை உள்ளே விடாதே" என்று உதவியாளனை மேஸ்திரி பத்து முறையேனும் எச்சரித்திருப்பார். சுமை தொங்கும்போது கீழே கை நீட்டுவோர் விரலை இழப்பர். பின்பகுதி தன் இடத்தில் அமர்ந்தது, முன்பக்க ரப்பர் தாங்கிகளின் துளைகள் நேராயின, போல்ட்டுகள் இறங்கின. புரொப்பல்லர் ஷாப்ட், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், ஒயர்கள் என மாலை வரை வேலை நீண்டது.

எல்லாம் முடிந்தது என்று தோழர் ஸ்டார்ட்டரைத் திருப்பினார். 'க்ளிக்' என்று ஓர் ஓசை, அவ்வளவே. மீண்டும் திருப்பினார். டாஷ்போர்டின் கீழே சோக் கம்பியிலிருந்து புகை கிளம்பியது! மேஸ்திரி பாய்ந்து பாட்டரி இணைப்பைக் கழற்றினார்.

காரணம் என்ன தெரியுமா? எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. ஆகையால் எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கப் பின்னல் கம்பிப் பட்டை ஒன்று உண்டு. எர்த் பட்டை என்பர். அதனை மாட்டும் பொறுப்பு தோழருடையது, மறந்திருந்தார். ஸ்டார்ட்டருக்கான பெரும் மின்னோட்டம் திரும்ப வழியின்றி, மெல்லிய சோக் கம்பியின் வழியே பாய்ந்து அதனைச் சுட்டுவிட்டது. ஒரு சாண் பட்டை, ஓராண்டு உழைப்பு! தோழர் தலை குனிந்தார். மேஸ்திரி கடிந்துகொள்ளவில்லை. "பெரிய வேலையை யாரும் மறக்க மாட்டாங்க பாய். சின்னதைத்தான் மறப்பாங்க" என்றார் அமைதியாக.

மறுநாள் பட்டை மாட்டி, கம்பி மாற்றி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டனர். தற்காலிகமாகப் பொருத்திய மானியின் முள் எழுந்து, எண்ணெய் அழுத்தம் வந்துவிட்டதெனக் காட்டிய பிறகே பிளக்குகளைப் பூட்டினர். வறண்ட பேரிங்கோடு எஞ்சினை எழுப்பினால் 1991 திரும்பிவிடும் அல்லவா! மூன்றாவது முயற்சியில் எஞ்சின் இருமியது, பிறகு பேசியது.

காகிதமும் இரும்பும்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், தவணை கடந்த பதிவுக்கான தாமதத் தொகையைக் கட்டிப் புதுப்பித்தார் தோழர். ஆய்வாளர் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளுக்கு, 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆயினும் அப்படிப்பட்ட வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்க இயலாது. அம்மாவை மண்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டுமே! எனவே அவர் சாதாரணப் பதிவையே நாடினார்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருப்பின், செலவைப் பற்றி யோசிக்கும் முன் இம்மூன்றையும் பாருங்கள். அது யார் யாருக்கு உரியது? புத்தகத்தில் உள்ள எண்கள் இரும்பில் உள்ளனவா? பட்டியும் வண்ணமும் பூசுமுன் அடித்தகட்டில் துரு நீங்கிற்றா? மூன்றும் வெளியார் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனால் வண்டியை வண்டியாக்குபவை அவையே. பெற்றோர் மீதுள்ள அன்பு என்பது அவர்களின் குறையை மூடி வண்ணம் அடிப்பதன்று. அவர்கள் முடிக்க எண்ணி முடியாமற் போனதை நாம் முடித்து வைப்பதாகும்.

அம்மா மண்டிக்குச் சென்று வந்தார்களா என்று கேட்பீர்கள். அல்ஹம்துலில்லாஹ், சென்று வந்தார்கள். வழக்கம் போல் பின்னிருக்கையின் இடப்புறம் அமர்ந்து, வழியெங்கும் ஒன்றும் பேசாமல் வந்தார்கள். வீடு திரும்பிய பின், வண்டி நின்ற இடத்தில் தரையில் இரண்டு சொட்டு எண்ணெய் கிடப்பதைக் கண்டு தோழர் பதறிப் போனார். அந்த வகை எஞ்சினில் கிராங்க்கின் பின்முனையில் இக்காலத்து ரப்பர் சீல் இல்லை; திருகு வரிகளே எண்ணெயை உள்ளே திருப்ப வேண்டும். ஆகவே சிறிது கசிவது அதன் இயல்பு என்று மேஸ்திரி விளக்கிக் கொண்டிருந்தார்.

அம்மா குனிந்து, மங்கிய கண்ணால் அந்தச் சொட்டுகளை உற்றுப் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்: "எதுக்குப்பா துடைக்கிறே? அப்பவும் இப்படித்தான் ஒழுகும். இது நம்ம வண்டிதான்."